கச்சான் அடிக்கும் மாதத்தில் வாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "டிசம்பர் லீவுக்குத் திருகோணமலை போகலாம் என்று இருக்கிறோம், கடற்கரையில் எந்த ஹோட்டல் நல்லது?" கேட்பவர்கள் சென்னையில் இருப்பார்கள், லண்டனில் இருப்பார்கள், கொழும்பில் எனக்கு அடுத்த தெருவிலும் இருப்பார்கள். ஹோட்டலை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாதத்தை மாற்றுங்கள் என்று எல்லோருக்கும் எழுதுகிறேன். பலர் டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்கிறார்கள் என்பதால், இந்த முறை முன்கூட்டியே விரிவாக எழுதிவிடுகிறேன்.

நான் திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவள். வேலைக்காகக் கொழும்புக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஊரை நாங்கள் சுருக்கமாகத் திருமலை என்போம். தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு வேறு ஊர் நினைவுக்கு வரும் என்று தெரியும், ஆனால் எனக்கு வாயில் வருவது அதுதான்.

"இலங்கைக்குப் போக நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை." பயணக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது. பொய் இல்லை. காலி, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ, பெந்தோட்டை என்று தென்மேற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு அது சரியான வார்த்தை. அந்த மாதங்களில் அங்கே கடல் படுத்துக் கிடக்கும். ஆனால் அதே நாட்களில் தீவின் மறுபக்கத்தில் நாங்கள் கூரை ஓட்டைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருப்போம். சின்னத் தீவுதானே, எங்கும் ஒரே வானிலைதான் இருக்கும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் மழைதான் எங்கள் மழை. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று சோழமண்டலக் கரையையும் எங்கள் கரையையும் ஒரே பருவத்தில் நனைக்கிறது. திருமலையில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதங்களில் கொட்டிவிடுகிறது. நவம்பரும் டிசம்பரும் தனித்தனியே 300 மில்லிமீட்டரைத் தாண்டும் மாதங்கள். ஜூனில் பெய்வதோ 25 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஒரு நல்ல டிசம்பர் மழை ஒரு பகலில் அதைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் நான் இதைத் தெரிந்துகொண்டே ஒரு தவறு செய்தேன். என்னோடு சென்னையில் படித்த தோழி, கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டிசம்பர் 24ஆம் தேதி வந்தாள். வேறு லீவு கிடைக்காது என்றாள். பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்ற ஆசையில் நானும் "வா" என்று சொல்லிவிட்டேன். வந்த அன்று இரவு தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. இடையில் ஒரு மாலை கொஞ்சம் வெறித்தபோது கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கடல் பால் குறைத்து ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. களப்புகளின் (கடலோரக் காயல்களின்) வாய் உடைத்துக்கொண்டு காட்டுத் தண்ணீர் வந்து கலந்ததால் வந்த நிறம் அது. கரையெங்கும் மரக்கட்டையும் ஆகாயத்தாமரையும் மஞ்சள் நுரையும். அலை கரையில் உடையும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்கவில்லை. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் போகும் படகுகளை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அவர்களின் சின்ன மகனுக்கு அப்போது ஏழு வயது. தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி ஒன்றை, நீல ரப்பர் பட்டி வைத்தது, சென்னையிலேயே வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மூன்றாவது நாள் அதை மாட்டிக்கொண்டு எங்கள் கிணற்றடிச் சிமெந்துத் தொட்டியில் முகத்தை அமிழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? அடியில் கொஞ்சம் பாசி, ஒரு செம்பு. அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தப் பிள்ளையை இந்த மாதத்திலயா கூட்டி வந்தாய்?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

நனைவது மட்டும் என்றால் பரவாயில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் எழும் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடகிழக்கையும் புரட்டிப்போட்டுவிட்டுத்தான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவிப் புயல் திருமலைக்குச் சற்று வடக்கே கரை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா தீவு முழுவதையும் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் இப்படி நடக்காதுதான். ஆனால் பிள்ளைகளோடு விமானம் ஏறி வருகிறவர்கள், காற்றழுத்தத் தாழ்வு பற்றிய செய்திகளைப் பார்த்துக்கொண்டு விடுமுறையைக் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இந்த மாரிக் கடலுக்குப் பயந்துதான் திருமலை உலக வரைபடத்தில் பெரிய பெயராக ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். பாய்மரக் காலத்தில் சென்னைக் கரையில் கப்பல் ஒதுங்க இடமே கிடையாது, திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியதுதான். அக்டோபரில் வாடை தொடங்குமுன் அங்கிருந்து ஓடிவிட வேண்டும். அந்த முழுக் கிழக்குப் பக்கத்திலும் எந்தப் பருவத்திலும் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம் திருமலையில் இருந்தது. 1782ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார், செப்டம்பர் 3ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே பெரிய கடற்சண்டை. ஒரே வருடத்தில் இவ்வளவு அடிபிடி. துறைமுகம் கைவிட்டுப் போனதால் ஆங்கிலேயக் கடற்படை மாரிக்கு ஒதுங்க இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. காற்றைப் பார்த்து இடம் மாறுவது இந்தக் கடலில் பீரங்கிக் கப்பல்களுக்கே விதியாக இருந்திருக்கிறது.

இனி நல்ல காலத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதத்தில் கொழும்பு கோட்டையில் இரவு ரயில் ஏறிப் பாருங்கள். மேடையில் குடையோடு நிற்போம், பெட்டிக்குள் ஈர வாடை அடிக்கும், ஜன்னலைத் திறக்க முடியாது. குருநாகல் தாண்டி மாகோ வருவதற்குள் மழை எங்கேயோ நின்றிருக்கும். கல்லோயாச் சந்தியில் ஜன்னலைத் தூக்கினால் உள்ளே வரும் காற்றில் ஈரமே இருக்காது, காய்ந்த புல் மணம் வரும். கந்தளாய், சீனக்குடா, அப்புறம் திருமலை. விடியற்காலையில் இறங்கும்போது மடித்த குடை பைக்குள் இன்னும் ஈரமாக இருக்கும், வெளியே மண் புழுதி பறக்கும். சுமார் 300 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு பருவம்.

காரணம் நடுவில் நிற்கும் மலைகள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. கீழே இறங்க இறங்கக் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். அந்தச் சூடான வறண்ட காற்றைத்தான் கச்சான் என்கிறோம். (எங்கள் நாட்டில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கோயில் வாசலில் கேட்டால் கடலை கிடைக்கும்.) கச்சான் அடிக்கும் நாட்களில் காயப்போட்ட சேலை அரை மணி நேரத்தில் மொரமொரவென்று ஆகிவிடும். உதடு வெடிக்கும். வெயில் 34, 35 பாகை வரை ஏறும். சில அக்காமார் இந்தக் காற்றைத் திட்டாத நாள் இல்லை.

ஆனால் கடலுக்கு இந்தக் காற்றுதான் வரம். அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலையைக் கரைக்குத் தள்ள ஆளில்லை. அதனால் காலை ஆறு மணிக்கு உப்புவெளிக் கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடக்கும். மழை இல்லாததால் ஆறும் களப்பும் கலங்கல் கொண்டுவருவதில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் விரல் நகம் தெரியும்.

இதைச் சுற்றுலாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக, தங்கள் கடல் கெடும்போது குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தொழில் செய்துவிட்டு, மாரி தொடங்குமுன் திரும்பிப் போவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு வாடிகள் எழுந்தால் கடல் சரியாகிவிட்டது என்று பொருள். அந்தக் கிடுகைப் பிரிக்கத் தொடங்கினால் அம்மா விறகை உள்ளே எடுத்து வைப்பார்.

கரைவலை இழுப்பதைக் கட்டாயம் பாருங்கள். விடியுமுன் ஒரு வள்ளம் வலையோடு கடலுக்குள் போய் அரைவட்டம் அடித்து வரும். இரண்டு முனைக் கயிறும் கரையில். ஒவ்வொரு கயிற்றுக்கும் பதினைந்து இருபது பேர், முதுகைச் சாய்த்துக் குதிக்காலை மணலில் புதைத்துப் பின்னால் நடப்பார்கள். ஒரு அடி, ஒரு சத்தம், மறுபடி ஒரு அடி. கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிப்பார். வலையின் மடி கரையை நெருங்கும்போது தண்ணீர் கொதிப்பது போல ஆகும். நெத்தலி, சூடை, கீரி, நடுவில் பாரைக்குட்டி. போன வருடம் நான் நின்றபோது ஒரு முதியவர் மடியிலிருந்து உள்ளங்கை அகலக் கணவாய்க் குஞ்சு ஒன்றை எடுத்துத் திரும்பக் கடலில் விட்டார். போகும்போது அது அவர் முழங்கை வரை மையைப் பீச்சிவிட்டுப் போனது. அவர் கையைக் கழுவவே இல்லை, நேரே கயிற்றுக்குப் போய்விட்டார். மாரியில் வருகிறவர்களுக்கு இந்தக் கரையில் இந்தச் சத்தமே கிடையாது.

கச்சானில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் நான் இதைப் பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது என்றேன் அல்லவா? மிதக்கும் பொருள் எதுவானாலும் அதையும் கொண்டு போகும். என் அண்ணாவின் மகள் எட்டு வயதில் ஒரு ஜூலைக் காலையில் காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீர், அலையே இல்லை, நாங்கள் பத்தடி தூரத்தில் கதைத்துக்கொண்டிருந்தோம். "மாமி" என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினால் பிள்ளை நீந்தி எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறாள். வளையம் ஆடவில்லை, அசையவில்லை, அமைதியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களைத் திட்டவில்லை. "காத்து முதுகில அடிக்கேக்க மிதக்கிற சாமானோட இறங்கக் கூடாது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு இந்த மாதங்களில் வளையமும் காற்று மெத்தையும் வேண்டவே வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவில் நில்லுங்கள்.

சரி, மே முதல் செப்டம்பர் என்று ஐந்து மாதம் இருக்கிறதே, அதில் எது? நான் ஜூனைச் சொல்வேன். ஜூனிலும் வார நாட்களை. உள்ளூர்ப் பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வருவதால் ஜூனில் சனம் குறைவு. பௌத்தர்களின் பொசன் பௌர்ணமியை ஒட்டிய நீண்ட வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள், அன்று அனுராதபுரம் பக்கத்துப் பாதைகளெல்லாம் நிறைந்திருக்கும். மாம்பழம் இருக்கும். ஹபரணைப் பாதையோரத்தில் பாலைப்பழம் கூடையில் வைத்து விற்பார்கள். மஞ்சளாக, சின்னதாக, தேன் போல இனித்து, தின்று முடித்ததும் உதட்டில் பால் ஒட்டும். காட்டுப் பழம், சில வாரத்துக்குத்தான் கிடைக்கும். கண்டால் வண்டியை நிறுத்துங்கள்.

ஏப்ரலிலும் கடல் தெளிவுதான். காற்று விழுந்து கிடக்கும், அதனால் புழுக்கம் அதிகம், பின்னேரத்தில் இடி இடிக்கலாம். பங்குனி சித்திரையை ஒட்டிக் கோணேசர் கோயில் திருவிழா வரும். கடலும் வேண்டும் கோயிலும் வேண்டும் என்கிறவர்கள் இந்த மாதத்தைப் பார்க்கலாம், புதுவருட வாரத்தில் மட்டும் அறை கிடைப்பது பாடு. ஆகஸ்டில் பள்ளி விடுமுறையும் ஐரோப்பியர்களின் கோடை விடுமுறையும் ஒன்றாகச் சேர்ந்து அறை விலை ஏறிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேறு வழியில்லை, ஆகஸ்டில்தான் வருவார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதல்: வரும் வழியில் மின்னேரியாக் குளம் வற்றத் தொடங்கியிருக்கும், புதுப்புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். செப்டம்பர் அமைதியான மாதம், மாலையில் ஒரு மழை வந்து போகும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

புறாத்தீவுக்கென்றே பலர் வருகிறார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான், படகில் பத்து நிமிடத்துக்குள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கரையோரத்திலேயே பவளப் பாறைகள் தொடங்குகின்றன, ஆழமில்லாத தண்ணீரில் கருஞ்செட்டைச் சுறாக்குட்டிகள் சுற்றும், மனிதரைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். இதற்கு மாதம் மட்டும் போதாது, நேரமும் பார்க்க வேண்டும். காலை முதல் படகில் போங்கள். பத்து மணிக்குமேல் நாற்பது ஐம்பது பேர் ஒரே இடத்தில் இறங்கி மணலைக் கிளப்பிவிடுவார்கள், பிறகு தெளிந்த கடல் இருந்தும் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து பவளத்தின்மேல் ஏறி நிற்காதீர்கள். அந்தத் தீவின் ஒரு பக்கக் கரை முழுவதும் செத்து வெளுத்த பவளத் துண்டுகள்தான் குவிந்து கிடக்கின்றன. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த நிறங்களில் பல இப்போது இல்லை. அதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

திமிங்கிலம் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இந்தப் பருவம்தான். திருமலைக்கு முன்னால் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது, கரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஆழ்கடல் பள்ளம். அதனால் நீலத் திமிங்கிலங்கள் கரையை ஒட்டியே போகும். தெற்கே மிரிஸ்ஸவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பார்க்கலாம், எங்கள் பக்கம் அதற்குப் பிறகு. வாய்த்தால் படகே வேண்டாம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் விளிம்பில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்றே மூச்சுப் பீச்சுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா இரண்டு முறை பார்த்திருக்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பர் தவிர வேறு விடுமுறையே கிடைக்காது என்றால் என்ன செய்வது? கடலை மறந்துவிட்டு வருவதானால் வாருங்கள். வயல் பச்சையாக இருக்கும், குளமெல்லாம் நிறைந்திருக்கும், மழைக் குளிரில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பது சுகம், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நனைந்தபடி மேயும். எங்களுக்கு மாரி கெட்ட காலம் இல்லை. பெரும்போக நெல்லும், கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு குறைவதும் அந்த மழையால்தான். ஆனால் கடலில் குளிக்க ஆசைப்பட்டு வருகிற பிள்ளையை அந்த மாதத்தில் கூட்டி வராதீர்கள். மார்ச் வரையாவது பொறுங்கள்.

தோழி இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை ஜூன் இரண்டாவது வாரம். சென்னையில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று கணவர் தயங்கினாராம், நான் விடவில்லை, ஐந்து நாள்தானே என்றேன். முதல் நாள் காலை ஆறரை மணிக்கே எல்லோரையும் கிளப்பினேன். கச்சான் அப்போதுதான் மெல்லத் தொடங்கியிருந்தது, பனை ஓலை சலசலவென்றது. பையன் அதே நீலப் பட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தான். தலை பெரிதாகிவிட்டதால் பட்டியைக் கடைசித் துளை வரை தளர்த்த வேண்டியிருந்தது, நான்தான் இழுத்து மாட்டிவிட்டேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு வரை போனான், முகத்தை அமிழ்த்தினான். ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை. நான் பயந்து இரண்டடி முன்னால் போனபோதுதான் தலையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, என்னோட நிழல் அடியில மணல்ல தெரியுது!"

சொல்லிவிட்டு மறுபடி அமிழ்ந்தான்.